இடக்கையால் வரைந்த காகம்

தோக்கியோ, நெரிமா
2008 அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தெருமுனை வேலியில் மஞ்சள் பூக்கள் மணக்கத் தொடங்கிவிட்டன. யோனெஸாவாவில் இதற்குள் காலைக் குளிருக்குக் கம்பளி தேட வேண்டியிருக்கும். உன் இருமல் விட்டதா? நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி வந்தது. நன்றாகப் பழுக்கும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தாய். எங்கள் ஸ்டூடியோவில் பொறுக்கிற வழக்கம் எதற்கும் கிடையாது. கல் மாதிரி இருந்ததையே கடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

'மேகக் கணவாய்' தொலைக்காட்சியில் தொடங்கிவிட்டது. மலையுச்சியில் தனியாக வானிலை நிலையம் நடத்தும் பெண்ணின் கதை என்று சொன்னேனே, அதுதான். வியாழன்தோறும் ஒரு பகுதி, டிசம்பர் முடிய. கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிற உனக்கு நாங்கள் வரைகிற அனிமே பார்க்க நேரமிருக்காது என்று தெரியும். ஆனாலும் உன்னைத் தவிர நான் யாரிடம் இதையெல்லாம் சொல்ல?

ஒரு வேடிக்கை கேள். இணையத்தில் 'மூன்றாம் வரிசை' என்ற பெயரில் ஒருவர் எழுதுகிறார். செவ்வாய்க்கிழமை ஒரு பழைய தொடர், சனிக்கிழமை ஒரு புதுத் தொடர். ஒவ்வொரு பகுதியாக எடுத்துப் பிரித்து வைத்துவிடுவார். ஒரு கோட்டைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார் என்று பேர். இந்த முறை எங்கள் தொடரை எடுத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை யாரும் பென்சிலைத் தொடவில்லை. எங்கள் உராகாமி, வரைந்த தாள்களை வேனில் போய் வீடுவீடாக வாங்கி வருகிற பெண், நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டாள்.

"எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க, தீர்ப்பு வந்திருக்கு!"

நிலையத்துப் பெண் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும் ஷாட்டைப் பற்றி எழுதியிருந்தார். 'அவள் குளிரில் இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை, விரல்கள் சொல்லிவிட்டன.' அது நான் வரைந்தது, அக்கா. ஆகஸ்டில் ஐஸ் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன் என்று எழுதியிருந்தேனே.

"யாருங்க அந்த வெரலு? கனாமோரி அண்ணனா? ஐயோ, மூஞ்சியப் பாருங்க, அவிச்ச ஆக்டோபஸ் மாதிரி செவந்துட்டாரு!"

"அந்த ஆளு அறுபது வயசுக் கெழவனாத்தான் இருப்பான். பெண்டாட்டிகூடப் பேசாம டிவி முன்னாலயே கெடக்குறவன்" என்றார், மறுநாள் வந்து அதைப் படித்துப் பார்த்த ஹிராகா.

ஹிராகாவை உனக்குத் தெரியாது. எங்கள் துறையில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். இப்போது வேறொரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார். வெளியில் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. எங்கள் இயக்குநர் தொகாஷி சாருக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு வந்து ஆறாம் பகுதியில் கிழவி பனியில் நடக்கும் காட்சியை வரைகிறார். பெயர் போடமாட்டோம். நேற்று நூடுல்ஸ் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னார், அந்த நடை அவர் மனைவியுடையதாம். இடது முழங்காலில் அறுவை நடந்ததிலிருந்து வலக்காலை வைத்து, நின்று, இடக்காலை இழுத்துப் பக்கத்தில் சேர்ப்பாராம். "முன்னால நடந்தா அவளுக்குக் கோவம் வருது. அதான் பின்னால நடந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். இது உன்னோடு இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி ஸதாஹிரோ


யோனெஸாவா
அக்டோபர் 10
(அனுப்பப்படவில்லை)

ஸதாஹிரோ,

பெண்டாட்டியோடு பேசாமல் டிவி முன்னால் கிடக்கும் அந்த அறுபது வயதுக் கிழவன் நான்தான்.

மூன்று வருடமாக எழுதுகிறேன். முதலில் கல்லூரிக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தேன். வரி விதிப்பு பற்றி வகுப்பெடுக்கிறவள் பொம்மைப் படத்துக்கு விமரிசனம் எழுதுகிறாள் என்றால் துறைத் தலைவர் என்ன செய்வார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, உன் வேலையைப் பற்றி எழுதும்போது உனக்குத் தெரிந்தால் உண்மையாக எழுத முடியாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம். என் மாணவி யாராவது இப்படி ஒரு காரணத்தோடு வந்தால் நம்பமாட்டேன்.

அந்த விரல்களில் குளிரைப் பார்த்தேன் என்று எழுதினேன். ஐஸ் தண்ணீர் பற்றி நீ ஆகஸ்டில் எழுதாமலிருந்தால் பார்த்திருப்பேனா? என் கண் என்று ஊர் சொல்வதில் எவ்வளவு உன் கடிதம் என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை


யோனெஸாவா
அக்டோபர் 14

தம்பி ஸதாஹிரோவுக்கு,

மலையில் பாதிவரை இலை சிவந்துவிட்டது. இருமல் விட்டது. மீண்டும் பேரிக்காய் அனுப்புகிறேன். இதையாவது பெட்டியைத் திறக்காமல் ஒளித்துவை.

உன் ஷாட்டை யாரோ பாராட்டியது குறித்து மகிழ்ச்சி. முகம் தெரியாதவர்களின் பாராட்டை அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். ஹிராகா என்பவர் சொன்னது மனதில் நின்றது. அந்தப் பகுதி எப்போது வருகிறது? முடிந்தால் பார்க்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. மேசைமேல் தலைவைத்துத் தூங்காதே.
அக்கா இட்சுகோ


நெரிமா
நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்டது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுத ஆசைதான்.

ஆறாம் பகுதி போன வாரம் வியாழக்கிழமை வந்தது. நீ பார்த்தாயோ என்னவோ. சனிக்கிழமை 'மூன்றாம் வரிசை' எழுதியதை அப்படியே தருகிறேன்:

'கிழவி பனியில் நடக்கிறாள். வலக்கால் போகிறது, நிற்கிறது, இடக்கால் வந்து சேர்கிறது. இதை வரைந்தவர் முழங்கால் கெட்ட மனைவியின் பின்னால் நடந்து பழகியவர். இவ்வளவு பொறுமை இந்தத் துறையில் ஒரே கைக்குத்தான் உண்டு. இறுதியில் ஓடிய பெயர்களில் ஹிராகா இல்லை. ஆனால் கைக்கு ஒளியத் தெரியாது.'

அழகாகத்தான் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை ஹிராகாவை அவர் நிறுவனத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு வருடமாக அவர் தயாரித்துக்கொண்டிருந்த முழுநீளப் படத்திலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். தொகாஷி சார் அங்கே போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக்குக் கொண்டுபோகும் பயற்று இனிப்புப் பெட்டி கனமாக இருக்க வேண்டுமாம். உராகாமியைத்தான் கடைக்கு அனுப்பினார்.

"இருக்கறதுலயே வெயிட்டான பயத்தங்கட்டி வாங்கியாந்திருக்கேன் சார். இதத் தூக்கும்போதே உங்க முதுகு தானா வளைஞ்சிடும்."

அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்ததும் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்தார்.

"கோட்டப் பாத்து ஹிராகான்னு கண்டுபிடிக்கலாம், ஒத்துக்கறேன். பெண்டாட்டி முழங்கால் வரைக்குமா கண்ணு போகும்? நம்மள்ல யாரோ வாயத் தொறந்திருக்காங்க. யாரு?"

வெளியே வரும்போது யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "வீடுவீடாப் போறவ ஒருத்திதான் இருக்கா."

உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அடுப்பைச் சீக்கிரமே எடுத்து வை.
ஸதாஹிரோ


யோனெஸாவா
நவம்பர் 24

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அரையாண்டுத் தாள்கள் வந்து குவிந்துவிட்டன. தோட்டத்து மரங்களுக்குப் பனித்தடுப்புப் பலகை கட்ட ஆள் வந்திருந்தார். நான் நலம்.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். ஒருவர் திரையைப் பார்த்தே முழங்காலை ஊகித்திருக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆதாரமில்லாமல் ஒரு பெண்மேல் பழி போடுவது முறையல்ல. உங்கள் இயக்குநர் நியாயமானவர் என்றால் அவசரப்படமாட்டார். உராகாமி என்ற அந்தப் பெண்ணை என்ன செய்யப் போகிறார்கள்? எழுது.

ஹிராகா அவர்களின் மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

இட்சுகோ


நெரிமா
நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டின் கடைசி மாதம் நாளை பிறக்கிறது. அங்கே முதல் பனி விழுந்ததாகச் செய்தியில் பார்த்தேன். வழுக்கும், பார்த்து நட.

நீ கேட்டிருந்தாய். உராகாமி போய்விட்டாள். தொகாஷி சார் எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். என்னிடமும் கேட்டார்.

"உனக்கு என்ன தோணுது கனாமோரி? நீ யாரையும் தப்பாச் சொல்றவன் இல்ல. அதான் கேக்கறேன்."

"நான் எதையும் பாக்கல சார். ஆனா... உராகாமி நெறையப் பேசுவா."

இவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, அவள் நிறையப் பேசுவாள். வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"நான் நெறையப் பேசுவேன் சார். ஆனா பேசுறது எல்லாம் உங்க மூஞ்சிக்கு முன்னாலதான் பேசுவேன். வண்டியில எடது பக்கக் கண்ணாடி ஆடும். டேப் சுத்தியிருக்கேன், யாரும் பிரிச்சுடாதீங்க."

ஒன்பதாம் பகுதியிலிருந்து இறுதியில் ஓடும் பெயர்களில் அவள் பெயர் இல்லை. எங்கள் துறை சிறியது, அக்கா. ஸ்டூடியோக்கள் எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. வெளியே பேசுகிறவள் என்று ஒரு இடத்தில் சொன்னால் மற்ற இடங்களில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருடம் ஓட்டிய வேலை, இனி எங்கேயும் கிடைக்காது.

இன்னொன்று. பதினோராம் பகுதியின் முடிவில் வேலித் தூணில் ஒரு காகம் வந்து உட்காரும். என் வலது மணிக்கட்டு பிசகியிருக்கிறது, பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. காகத்தை இடக்கையால் வரைந்து கொடுத்தேன். கோடு நடுங்கியிருக்கும். தெரிந்தால் ஷாட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஸதாஹிரோ


யோனெஸாவா
டிசம்பர் 4

தம்பிக்கு,

உன் கடிதம் கண்டதும் மருந்துக் கடைக்குப் போனேன். வலி ஒட்டுகள் அனுப்பியிருக்கிறேன். குளித்த பிறகு ஒட்டு, ஒட்டிக்கொண்டு வரையாதே. எலும்பு மருத்துவரைப் பார்த்தாயா? கையை வைத்துப் பிழைக்கிறவன் இப்படி அலட்சியமாக இருக்கக்கூடாது.

உராகாமி அவர்களைப் பற்றி நீ எழுதியது மிகவும் வருத்தமாக இருக்கிறது. அவர் போன பிறகும் அந்தக் கட்டுரைகளில் உள்விஷயம் வந்தால், சொன்னவர் அவரில்லை என்று உங்கள் இயக்குநருக்குப் புரிந்துவிடும் அல்லவா? உண்மை தானாக வெளிவர வழி உண்டு என்று நினைக்கிறேன். நீயும் மனதைத் தளரவிடாதே.

கை எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.
இட்சுகோ


நெரிமா
டிசம்பர் 16

அக்கா,

வலி ஒட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் மணிக்கட்டுக்கு ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. காகத்தை வலக்கையால்தான் வரைந்தேன், எல்லாவற்றையும் போல.

சனிக்கிழமை 'மூன்றாம் வரிசை' எழுதியது: 'வேலித் தூணில் வந்து உட்காரும் காகத்தின் கோடு நடுங்குகிறது. பழகாத கை, இடக்கையாக இருக்கலாம். வலியோடு வரையப்பட்ட கோடு இது. இந்தப் பருவத்தின் மிக நேர்மையான ஓவியம்.'

ஸ்டூடியோவில் உரக்கப் படித்தார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வலக்கையைத் தூக்கிக் காட்டினேன். அப்படி ஒரு சிரிப்பு.

தொகாஷி சார் சொன்னார்: "பாத்தீங்களா? உராகாமி போனதும் அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. ரெண்டு மாசமா அவதான் ஊட்டிவிட்டிருக்கா. எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போச்சு."

நானும் சிரித்தேன்.

ஸதாஹிரோ


யோனெஸாவா
2009 ஜனவரி 8

ஸதாஹிரோவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து அட்டை உன்னிடமிருந்து வரவில்லை. நானும் அனுப்பவில்லை. வாசலில் பனி இடுப்பளவு இருக்கிறது. இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதுகிறேன். நம் வீட்டில் இதையாவது விடாமல் செய்துகொண்டிருந்தோம்.

உனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும். மூன்றாம் வரிசை நான். ஹிராகா அவர்களின் மனைவியின் முழங்கால் நீ அக்டோபரில் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. எழுதும்போது அது ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கும் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பது பொய். ஒரு நிமிடம் யோசித்தேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. விட மனம் வரவில்லை.

காகத்தைப் பற்றி எழுதியது வேறு கணக்கு. உராகாமி அவர்கள் போன பிறகு உள்விஷயம் ஒன்று வெளிவந்தால் அவர்மேல் உள்ள பழி நீங்கும் என்று நினைத்து வேண்டுமென்றே எழுதினேன். அவரைக் காப்பாற்ற எழுதினேன் என்று இந்த வாக்கியத்தை முடித்தால் நன்றாக இருக்கும். என் பெயர் வெளியே வராமல் அவரைக் காப்பாற்ற எழுதினேன் என்பதுதான் முழு வாக்கியம். அதற்கு உன் வலியை எடுத்துக்கொண்டேன். அது இல்லாத வலி என்பதால் என் குற்றம் குறையாது. அவர்மேல் இருந்த பழியை நானே ஆணியடித்து இறுக்கிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதும் முன் அந்தக் காகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கோடு நடுங்கியது. சத்தியமாக நடுங்கியது. உன் டிசம்பர்க் கடிதம் வந்த பிறகு மறுபடி பார்த்தேன். நடுங்கவில்லை. சாதாரணமான, நன்றாக வரைந்த ஒரு காகம். என் மாணவர்களிடம் வருடா வருடம் சொல்கிறேன், எண்ணைப் பார்க்கும் முன் முடிவை எடுக்காதீர்கள் என்று.

உராகாமி அவர்களின் பெயரைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. நான் யார் என்று உங்கள் இயக்குநருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், எனக்குச் சொன்னவன் யார் என்று கேட்க அவருக்கு நேரம் ஆகாது. நம் குடும்பப் பெயர் ஒன்றுதான். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

உன் அக்கா
இட்சுகோ


நெரிமா
ஜனவரி 21

அக்காவுக்கு,

கடுங்குளிர். நலமா என்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

வேண்டாம். சொல்லாதே.

ஏப்ரலில் புதிய தொடர் தொடங்குகிறது. அதில் ஒரு பகுதியை இயக்க எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறை. இருபது வருடம் மற்றவர் சொன்ன இடத்தில் கையும் காலும் வரைந்தேன். ஹிராகா போய்விட்டதால் காலியான இடங்கள் நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்து நின்றிருக்கின்றன. எனக்கும் தெரிகிறது, நீ எழுத வேண்டாம்.

நீ யோசிக்கவில்லை என்று எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருந்தாய். நானும் திருத்துகிறேன். தொகாஷி சார் என்னைக் கேட்டபோது உராகாமிக்கு அந்த முழங்கால் விஷயம் தெரியவே தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஹிராகா என்னிடம் மட்டும்தான் சொன்னார். யார் கேட்டும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அந்த அறையில் நிற்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் அவள் நிறையப் பேசுவாள் என்று சொன்னேன். காகத்தைப் பற்றிப் பிறகு உனக்குப் பொய் எழுதியது, 'மூன்றாம் வரிசை' நீ இல்லை என்று தெரிந்துகொள்ள முடியாதா என்ற ஆசையில்.

உராகாமி இப்போது பூச்சந்தையில் ஒரு மொத்த வியாபாரிக்கு வண்டி ஓட்டுகிறாளாம். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஓட்டுகிற வேலைதானே, எங்கே ஓட்டினால் என்ன? நாம் இருவரும் சும்மா இருந்தால் போதும். அதுதான் நான் உன்னைக் கேட்கும் ஒரே விஷயம். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஸதாஹிரோ


யோனெஸாவா
பிப்ரவரி 2

தம்பிக்கு,

நாளை வசந்தத்துக்கு முந்தைய நாள். எல்லோரும் பயறு வறுத்து எறிந்து வீட்டுப் பேயை விரட்டுவார்கள். இங்கே இன்னும் பனிதான்.

உன் கடிதத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒரு வாரம் வகுப்பெடுத்தேன். உனக்காகச் சும்மா இருக்கலாம் என்று தினமும் தோன்றியது. தம்பிக்காக என்று சொல்லும்போது அது எவ்வளவு கௌரவமாக இருந்தது தெரியுமா? அதனால்தான் சந்தேகம் வந்தது.

நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நீ எழுதியதை நம்ப முயன்றேன். பிறகு ஒன்பதாம் பகுதியிலிருந்து கடைசிவரை, படத்தை விட்டுவிட்டு, முடிவில் ஓடும் பெயர்களை மட்டும் பார்த்தேன். எட்டாம் பகுதியில் உராகாமி ஹிசானோ இருக்கிறார். ஒன்பதில் அவர் பெயர் இருந்த இடத்தில் மேல் வரியும் கீழ் வரியும் நெருக்கமாக வந்து சேர்ந்திருக்கின்றன. அவ்வளவுதான். தெரியாதவர்களுக்கு எதுவும் தெரியாது.

இன்று காலை தொகாஷி அவர்களுக்கும் ஹிராகா அவர்களுக்கும் உராகாமி அவர்களுக்கும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். எல்லாக் கடிதத்திலும் என் பெயரும், உன்னிடமிருந்து எனக்கு எப்படித் தெரிந்தது என்பதும் இருக்கின்றன. நீ தொகாஷி அவர்களின் அறையில் சொன்னதை எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. மூன்றாம் வரிசையில் என் பெயரோடு இதே விஷயத்தை வெளியிட்டு, பக்கத்தை மூடிவிட்டேன்.

உன்னைக் கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். நான் செய்துவிட்டேன். உன் நன்மைக்கு என்று சொல்லமாட்டேன், நன்மை இல்லை.

அரிசி அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை.
இட்சுகோ


தோக்கியோ, இதாபாஷி
மார்ச் 6

கனாமோரி இட்சுகோ அவர்களுக்கு,

குளிர் விடுவதுபோல் விட்டு மறுபடி திரும்பி வரும் நாட்கள். நலமாக இருக்கிறீர்களா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வேனில் ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதில் வலி எதுவும் தேட வேண்டாம், ரோடு அப்படி.

உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுத ஒரு மாதம் ஆனது. முதலில் திட்டி எழுதினேன், அது நீளமாகப் போய்விட்டது.

தொகாஷி சார் பூச்சந்தைக்கே வந்துவிட்டார். லாரிகளுக்கு நடுவில் நின்று தலைகுனிந்தார். கையில் ஒரு பெட்டி.

"பயத்தங்கட்டியா சார்?"

"ஆமா."

"வெயிட்டு பத்தாதே."

"தெரியும். இன்னொண்ணு கார்ல இருக்கு."

சிரித்துவிட்டேன். சிரித்ததால் மன்னித்ததாக அவர் நினைத்துக்கொண்டார். இருக்கட்டும். எனக்கு வேலை வேண்டும். பூவுக்கு நான் சரிப்படமாட்டேன். அது நேரத்துக்கு வந்துவிடுகிறது, திட்ட யாருமில்லை. அடுத்த வாரமே திரும்பிவிட்டேன். டிவிடியில் அந்த ஐந்து பகுதிகளிலும் என் பெயரைச் சேர்க்கிறார்களாம். ஹிராகா ஐயாவுக்குப் படம் திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கிறார். மனைவியோடு நடக்கிறார்.

உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு அவர் எழுதுவதில்லை என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். அவருக்குக் கொடுத்த பகுதியை எடுத்துவிட்டார்கள். ஸ்டூடியோவுக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்து வரைந்து தரலாம், பெயர் போடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சரி என்றார். தொகாஷி சார் அறையில் என்னைப் பற்றித் தான் சொன்னதை உங்கள் தம்பியே எல்லோர் முன்னாலும் சொன்னார் என்று கேள்வி. நான் அப்போது அங்கே இல்லை.

வீட்டிலிருந்து வரைகிறவர்களிடம் தாள்களை வாங்கி வருவது யார் வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவர் முறை. மணி அடிக்கிறேன். கதவு கொஞ்சமாகத் திறக்கிறது. உறையை நீட்டுகிறார். எப்போதும் நேரத்துக்கு முடித்துவைத்திருக்கிறார், நான் பார்த்த பத்து வருடத்தில் ஒருமுறைகூட அவர் இப்படிச் செய்ததில்லை. என்னைப் பார்ப்பதில்லை.

முதல் வாரம், "அண்ணே, மூணாவது ஷாட்ல பேஜ் நம்பர் விட்டிருக்கீங்க" என்றேன். "மன்னிச்சுக்கோ" என்றார். நம்பருக்கா, எதற்கு என்று தெரியவில்லை. இரண்டாம் வாரம், "சாப்டீங்களா?" என்றேன். அதற்கும் மன்னிச்சுக்கோ என்றார். நேற்று நான் எதுவும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு வாசலில் நின்றது என் வாழ்க்கையில் நேற்றுதான். கீழே வந்து வண்டியை எடுக்கவே முடியவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் எதை எழுதினாலும் நன்றாகத்தான் இருக்கும். மன்னிக்கிறேனா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது, தெரியும்போது சொல்கிறேன். ஆனால் வியாழன் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. மணி அடிக்கப் போவது நீங்கள் இல்லை, நான். கதவு திறந்ததும் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்களே ரயிலேறி வாருங்கள், வண்டியில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உராகாமி ஹிசானோ